கடைசி வீட்டு விளக்கு

மாலை மங்கும் வேளையிலே கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பயணஞ் செய்தோர், அவ்வழியின் அழகொன்றைக் கவனித்திருப்பர். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். கடைத்தெருக்களும் பள்ளிவாசல் மினாராக்களும் கோயில் வாயில்களும் மின்னொளியிலே பொலியும். கிழக்கே கடலின்மீது தோணிகளின் சிறு விளக்குகள் மிதக்கும். ஆனால் மேற்கே முகந்திருப்பி நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும். தெருவோரத்திலே நெருங்கி நின்ற விளக்குகள், உள்ளே போகப் போக ஐதாகி, வயல்வெளியின் தொடக்கத்திலே அருகி, அதற்கும் அப்பால் யானைக் காவலுக்காகக் கட்டிய வாடியொன்றிலே ஒற்றைப் புள்ளியாக முடிந்துவிடும்.

அந்த ஒற்றைப் புள்ளியைப் பற்றியே இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகின்றோம். தெருவோர வீட்டுக்கு மின்சாரம் வழங்குவது எவர்க்கும் இயலும். ஒரு திட்டம் நல்ல திட்டந்தானா என்பதைக் கடைசி வீட்டு விளக்கைக் கொண்டே அறியவேண்டும்.

இலங்கையிலே 1990-களின் நடுப்பகுதியில் வீடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை மின்னிணைப்பின்றியே இருந்தன. 2016-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் இணைப்புக் கிடைத்துவிட்டது. இஃது எளிய சாதனையன்று. உலகிலே இன்னும் 65 கோடிக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றி வாழ்கின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போர் இதன் பெருமையை உணர்வர். ஆயினும் எஞ்சிநிற்கும் சிலர் உளர். கடலாற் சூழப்பட்ட தீவுகளிலே வாழ்வோர், காட்டோரத்துச் சேனைகளிலே குடியிருப்போர், மின்கம்பம் நட்டுக்கொண்டு போவதற்குச் செலவு கட்டாது என்று ஒதுக்கப்பட்ட மூலைகளில் உள்ளோர் அவர்கள். அத்தகைய இடங்களுக்குச் சூரியன், காற்று, சிற்றோடை ஆகிய வற்றாத ஊற்றுகளிலிருந்து மின்சாரம் பெற்று வழங்கலாம் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அதனை எவ்வாறு திட்டமிடுவது என்பதிலேதான் இடர்ப்பாடு முழுவதும் இருக்கின்றது.

வகுப்பறையில் ஒரு கணக்கு

சில காலத்துக்கு முன்னர் நாம் கற்பிக்கும் வகுப்பிலே மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். வயலோரத்திலே நாற்பது வீடுகளைக் கொண்ட குடியிருப்பொன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுமாறும், பெருங்கம்பி அங்கே வருதற்கில்லை என்று கொள்ளுமாறும், அவ்வீடுகளுக்குச் சூரிய ஒளியினால் மின்சாரம் வழங்கத் திட்டமொன்று தீட்டுமாறும் கூறினோம். பிள்ளைகள் உடனே கேட்ட வினா, ‘எத்தனை சூரியத் தகடு வாங்கவேண்டும்?’ என்பதாகும். அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினா, ‘அவ்வீட்டார்க்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எந்நேரத்தில் வேண்டும்?’ என்பதன்றோ என்று சொல்லிக் கரும்பலகையிலே கணக்கெழுதத் தொடங்கினோம்.

அக்கணக்கை வாசகர்களும் பார்க்கட்டும். ஒரு வீட்டுக்கு 7 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு, மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால் 140 வாட்மணி. ஐம்பது வாட் மின்விசிறி ஆறு மணி நேரம் சுழன்றால் 300 வாட்மணி. சிறிய தொலைக்காட்சிப் பெட்டி மூன்று மணி நேரத்துக்கு 90 வாட்மணி. கைப்பேசிக்கு 10 வாட்மணி. ஆக, ஒரு நாளைக்கு 540 வாட்மணி. அதாவது அரை அலகுக்குச் சற்று அதிகம். நாற்பது வீடுகளுக்கும் 21.6 அலகு. பொதுவான தண்ணீர் மோட்டார், பாடசாலை அறை, வழிபாட்டிடம், மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்கு 5.4 அலகு சேர்த்தால் 27 அலகு ஆகின்றது.

பற்றறியிலே சேமித்து எடுக்கும்போதும் கம்பியிலே செலுத்தும்போதும் காற்பங்கு விரயமாகும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 36 அலகு உற்பத்தியாக வேண்டும். வெயில் நன்கு எறிக்கும் எமது உலர்வலயத்திலே ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு தரும். ஆகவே 9 கிலோவாட் தகடு போதும் என்று மாணவர் விடை கண்டனர்.

விடை சரிதான். ஆனால் அது சித்திரை வெயிலுக்கு மட்டுமே சரியான விடை. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இக்கரையோரத்திலே கருமுகில் மூடி, நாட்கணக்கிற் சூரியனைக் காணாதிருப்பதும் உண்டு. அந்நாளிலே ஒரு கிலோவாட் தகடு 2 அலகு தருவதே அரிது. அதே 36 அலகைப் பெற அப்போது 18 கிலோவாட் வேண்டியிருக்கும். ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு திட்டமிட்டவர், மாரியிலே மக்களை இருளில் விடுவார். முழு மாரிக்கும் ஈடுகொடுக்கத் திட்டமிட்டவரோ, கோடையிலே பயன்படாத தகடுகளுக்குப் பணங் கொடுப்பார். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே திட்டமிடுவோரின் வேலை. கோடையிலே கச்சான் காற்றும் கடுமையாக வீசும். ஆயின் அக்காற்றும் வெயிலும் ஒருங்கே மிகுவதால், அது மாரியின் குறையை நிரப்புவதில்லை. ஆதலின் சிறிய டீசல் இயந்திரமொன்றைச் சில வாரங்களுக்கென ஒதுக்கி வைப்பது இழுக்கன்று. கணக்கறிந்தோர் பலவிடங்களிலும் அவ்வாறே செய்கின்றனர்.

நாம் மறந்த வேளை

கணக்கு முடிந்ததென்று நாம் சுண்ணக்கட்டியை வைத்தபோது, பின்வாங்கில் இருந்த முஸ்லிம் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“சேர், எங்கட வீட்டில் நோன்பு மாசத்தில் உம்மா இரவு மூன்று மணிக்கே எழும்பிச் சஹருக்குச் சமைப்பா. ஊர் முழுக்க அந்நேரம் லைட் எரியும். உங்கட கணக்கில் அந்த நேரத்தைக் காணோமே?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோமாயினும் உள்ளூர நாணினோம். வாழ்நாள் முழுவதும் இவ்வூர்களினிடையே வாழ்ந்தும், நோன்பு மாதத்து விடியற்காலங்களில் பக்கத்துத் தெருவிலே விளக்குகள் எரிவதைக் கண்டும், கணக்கெழுதும்போது எமது வீட்டு வழக்கத்தையே எல்லோர் வழக்கமுமாக எண்ணிவிட்டோம். மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கும் விளக்கு பதினொரு மணியளவில் அணைந்துவிடும் என்று கொண்டோம். அக்கணக்கின்படி அமைத்த பற்றறி, நோன்பு மாதத்திலே தராவீஹ் தொழுகையும் முடிந்து, சஹர் வேளை வருமுன்னரே வற்றிப்போய்விடக்கூடும். சூரியன் உதிப்பதற்கோ அப்போது இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.

அம்மாணவியின் கேள்வி இன்னும் ஆழமானது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். நோன்பு மாதம் சந்திரக் கணக்கின்படி வருவதால் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே போகும். 2024-இல் மார்ச் நடுப்பகுதியிலே தொடங்கிய நோன்பு, 2025-இல் மார்ச் முற்பகுதியிலே தொடங்கிற்று. இவ்வாறே நகர்ந்து, 2030-ஆம் ஆண்டிலே ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையுமாக, ஒரே ஆண்டில் இரு முறை நோன்பு தொடங்கும். இந்த டிசம்பரும் ஜனவரியுமே இக்கரையோரத்திலே சூரிய ஒளி குன்றி நிற்கும் மாரி காலம் அல்லவா? இன்று வாங்கும் நல்ல பற்றறி பத்து ஆண்டளவு உழைக்கவேண்டியது. ஆகவே, அதன் ஆயுளுக்குள்ளேயே, ஒளி மிகக் குறைந்த நாளும் விடியற்காலத் தேவை மிகுந்த நாளும் வந்து கூடிவிடுகின்றன.

இதிலே இந்துக்களாகிய எமக்கும் பங்குண்டு. மார்கழித் திருவெம்பாவை நாள்களிலே விடியுமுன்னர் சங்கூதிக் கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தையும் நாம் கணக்கிற் சேர்க்க மறந்திருந்தோம். 2030-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தொடங்கும் நோன்பினுள்ளே அம்மார்கழித் திருவெம்பாவையும் வந்துசேரும். சஹருக்கு எழுந்த அடுக்களையும் பூசைக்கு எழுந்த கோயிலும் அவ்விருளிலே ஒரே வேளையில் விளக்கேற்றும். இத்தகைய செய்தி எந்தப் பொறியியல் அட்டவணையிலும் இராது. மக்களிடம் சென்று, அவர்தம் வீட்டுப் பெண்களைக் கேட்டறிந்தாலன்றி இதனை அறிய வழியில்லை. திட்டமிடுவோர் பலரும் வீட்டுத் தலைவரைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அடுப்பு எப்போது எரிகிறது என்பதை அடுப்பு மூட்டுபவரே அறிவார்.

பட்டிப்பளை ஆறு தந்த பாடம்

வற்றாத ஊற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது இப்பகுதிக்குப் புதியதன்று. பழந்தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையிலே மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. 1949-இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டது. அவ்வணையின் அடியிலே 1963-இல் 11 மெகாவாட் அளவான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது.

இந்நிலையத்தின் இயல்பொன்றை மாணவர் கருத்திற் கொள்ளவேண்டும். இது வயலுக்குத் திறக்கப்படும் நீர் செல்லும் வழியிலே சுழலியைச் சுழற்றிச் செல்வதால் உண்டாகும் மின்சாரம். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர் எப்போது தேவையோ அதற்கேற்பவே சுழலி சுழலும். இங்கே நெல்லே தலைமை, மின்சாரம் அதன் துணை. ஒரே நீர் இரு வேலை செய்கின்றது. ஆனால் எந்த வேலை முந்தியது என்பதில் ஐயமில்லை. தொலைவான ஊர்களுக்குத் திட்டமிடும்போதும் இவ்வாறே, மின்சாரம் எந்தத் தொழிலுக்குத் துணை நிற்கப் போகின்றது என்பதை முதலிலே துணிதல் வேண்டும். மருதமுனையிலே தறியில் நெய்வோர்க்கு மாலை நேரத்து நல்ல வெளிச்சம் கூலியைக் கூட்டும். மீன் பிடிப்போர்க்கு ஐஸ் வேண்டும். காட்டோரத்து வேளாளர்க்கு யானை வேலிக்கான மின்சாரம் விளைச்சலையும் உயிரையும் காக்கும். இம்மூன்றும் அளவாலும் நேரத்தாலும் வெவ்வேறானவை.

நீரிலிருந்து கற்கவேண்டிய பாடம் இன்னுமொன்று உண்டு. எமது வயல்வெளிகளிலே வட்டை விதானை என்ற ஒருவர் இருப்பதை அறிவோம். எந்த வாய்க்காலில் எந்நாளில் நீர் செல்லவேண்டும், யாருடைய வரம்பு உடைந்திருக்கின்றது, யார் முறை தவறி நீர் எடுத்தார் என்பதையெல்லாம் அவரே பார்ப்பார். அவரைத் தெரிந்தெடுப்போர் வயற்காரர். அவருக்கு நெல் அளப்போரும் வயற்காரர். அணை கட்டிய பெரும் பொறியியலாளர் பெயர் மறந்துபோகலாம். வட்டை விதானை இல்லாத வட்டையிலோ கடைக்காணிக்கு நீர் போய்ச் சேராது.

சிற்றூர் மின்சாரத்துக்கும் ஒரு வட்டை விதானை வேண்டும். தகட்டிலே படியும் உப்புத் தூசியையும் காகத்தின் எச்சத்தையும் கழுவுவதற்கும், பற்றறி முனைகளைத் துப்புரவு செய்வதற்கும், மாதப்பணம் தண்டுவதற்கும், ஒரு வீட்டார் அளவுக்கு மீறி எடுத்தால் முகங் கோணாது எடுத்துச் சொல்வதற்கும் ஊரவர் ஒருவர் இருத்தல் வேண்டும். மத்திய மலைநாட்டிலும் சபரகமுவையிலும் சிற்றோடைகளை மறித்து மின்சாரம் பெற்ற கிராமங்கள் இதனைச் செய்துகாட்டின. உலக வங்கியின் உதவியோடு 1997 முதல் 2002 வரை நடைபெற்ற மின்வலுத் திட்டமொன்றின் கீழ், 350 கிலோவாட் அளவான சிற்றூர் நீர்மின் நிலையங்கள் 1,700-க்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஒளி வழங்கின. ஒரு வீட்டுக்குச் சராசரி 200 வாட்! அவ்வளவைப் பகிர்ந்துகொள்வதற்கு மின் நுகர்வோர் சங்கங்களை அவர்கள் அமைத்தனர். வாய்க்கால் வெட்டுவதிலே சிரமதானம் செய்தனர். ஒருவர் மின்னழுத்திப் பெட்டியை ஏற்றினால் அயல்வீட்டு விளக்கு மங்கும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தமையால், அங்கே மின்சாரம் ஊரின் பொதுச் சொத்தாக இருந்தது.

அமெரிக்க நாட்டிலும் இதுவே வரலாறு. 1935-இல் அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. தூரத்துப் பண்ணைகளுக்குக் கம்பி இழுத்தால் இலாபமில்லை என்று கம்பனிகள் கைவிட்டன. அரசு கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே கம்பி இழுத்தனர்.

கம்பி வரும் காலம்

இனி நாம் சொல்லவேண்டியது சற்றுக் கசப்பானது.

நாம் படித்த நாள்களில் குப்பி விளக்கின் புகையிலே கண்ணெரியப் படித்தோர் பலர். கார்ப் பற்றறியைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு நகரத்துக்குச் சென்று மின்னேற்றி வந்து, வாரம் ஒருநாள் தொலைக்காட்சி பார்த்த கிராமங்களும் இந்நாட்டிலே இருந்தன. மண்ணெண்ணெய்க் குப்பி கவிழ்ந்து தீக்காயமடைந்தோர் தொகை சிறிதன்று. அக்கொடுமையைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத, கவிழ்ந்தாலும் உருளாத, திருகுமூடி கொண்ட கண்ணாடி விளக்கொன்றை அமைத்தார். ‘சுதீப’ என்னும் அவ்விளக்குக்காக 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் ஒருநாள் வரும் என்று சொல்லிக்கொண்டிராமல், அது வருமளவும் மக்கள் உயிரோடிருக்க வேண்டுமே என்று எண்ணினார் அப்பெருமகனார்.

வருமளவும் என்ற அச்சொல்லிலேதான் எல்லாச் சிக்கலும் அடங்கியிருக்கின்றது. முன்னர் கூறிய மின்வலுத் திட்டத்திலே ஏறத்தாழ 21,000 வீடுகளுக்குச் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. அதனைத் தொடர்ந்து 2002-இல் தொடங்கிய திட்டத்தினால் மேலும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் பயன்பெற்றன. எமக்கு மேற்கேயுள்ள மொனராகலைப் பகுதியிலும் இவை பரவின. இவற்றை மக்கள் இலவசமாகப் பெறவில்லை. கடன்பட்டு, தவணை கட்டி வாங்கினர். நாலைந்து விளக்கும் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியுமே அதனால் இயங்கும். ஆயினும் குப்பி விளக்கிலிருந்து விடுதலை கிடைத்ததே என்று மகிழ்ந்தனர்.

பின்னர் பெருங்கம்பி விரைவாகப் பரவிற்று. கடன் முற்றாகத் தீருமுன்னரே வாசலில் மின்கம்பம் வந்து நின்ற வீடுகளும் உண்டு. கம்பி வந்தது நல்லதே. அதனை வேண்டாம் என்பார் யார்? ஆனால், இன்ன ஆண்டிலே உங்கள் ஊருக்குக் கம்பி வரும் என்று முன்னரே உண்மையாகச் சொல்லியிருந்தால், அவ்வேழைகள் அதற்கேற்ப முடிவு செய்திருப்பர் அல்லவா? கம்பி வந்தபின் பல சிற்றூர் நீர்மின் நிலையங்களும் கைவிடப்பட்டன. ஊரவர் வெட்டிய வாய்க்கால்களிலே புல் முளைத்தது. அவற்றைப் பெருங்கம்பியோடு இணைத்து மின்சாரத்தை விற்கும் வழி ஒருசில நிலையங்களுக்கே கிடைத்தது.

இந்தியாவிலே பீகார் மாநிலத்துத் தர்னாய் என்னும் ஊரின் கதையும் இதனையே கூறும். 2014-இல் கிரீன்பீஸ் இயக்கம் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்னமைப்பை நிறுவி, 450 வீடுகளுக்கு ஒளி கொடுத்தது. ஆனால் தொடக்க விழாவுக்கு வந்த தலைவரிடம் ஊர்மக்கள், தமக்கு ‘அசல் மின்சாரம்’ வேண்டுமென்று கேட்டனர். குளிர்ப்பெட்டியும் மின்னழுத்தியும் இயக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை அவர்கள் விரும்பவில்லை. விரைவிலேயே பெருங்கம்பி வந்தது. பற்றறிகள் சில ஆண்டுகளிலே தேய்ந்தன, மாற்றுவாரில்லை. ஈற்றிலே அவ்விடம் மாட்டுக் கொட்டிலாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மக்களைக் குறைகூறல் தகாது. எமது வகுப்புக் கணக்கிலேயே ஒரு வீட்டார் குளிர்ப்பெட்டி வாங்கினால், அதற்கு மட்டும் நாளொன்றுக்கு ஓர் அலகு வேண்டும். அது அவ்வீட்டின் மற்றெல்லாத் தேவையையும்விட ஏறத்தாழ இருமடங்கு. ஒளி கிடைத்த மனிதர் குளிர்நீரும் விரும்புவர். அது பேராசையன்று, வளர்ச்சியின் இயல்பு. அதனை எண்ணாத திட்டமே குறையுடையது.

காத்திருந்த தீவுகள்

எமது வடபுலத்துத் தீவுகளை நோக்குவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குக் கரையிலிருந்து கம்பி கொண்டுசெல்லல் எளிதன்று. டீசல் இயந்திரமே நெடுங்காலம் அவற்றுக்கு ஒளி தந்தது. அந்த டீசலும் படகிலே போகவேண்டியிருந்தது. எழுவைதீவிலே சூரியத் தகடு, காற்றாடி, பற்றறி, துணைக்கு டீசல் என நான்கையும் இணைத்த கலப்பு மின்னமைப்பை இலங்கை மின்சார சபை அமைத்தது. சிறிய தீவுக்கு அது பொருத்தமான வழி. சோளகம் வீசும் மாதங்களிலே காற்றாடி இராப்பகலாகச் சுழலும். பகலிலே வெயில் உண்டு. இரண்டும் ஓய்ந்தால் டீசல் உண்டு.

ஏனைய மூன்று தீவுகளின் கதை வேறுவிதமாயிற்று. 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு சீன நிறுவனமொன்றுக்கு அப்பணியை அளிக்க அமைச்சரவை இசைந்தது. அயல்நாடாகிய இந்தியா அதனை விரும்பவில்லை. 2022 மார்ச்சிலே, அதனை இந்திய நன்கொடையாக நிறைவேற்றுவதென்று உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 கிலோவாட்மணி பற்றறி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பன அத்திட்டத்தின் அளவுகள்.

எந்த நாடு செய்தல் நன்று என்னும் அரசியல் வாதத்துள் நாம் புகவில்லை. கணக்கும் கருவியும் நன்கொடையும் இருந்தும், தீர்மானம் மாறி மாறி ஆண்டுகள் கழிந்தன என்பதே எம் மனத்தை வருத்துவது. அக்காலம் முழுவதும் அத்தீவுகளிலே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தனர், நோயாளர் காத்துக்கொண்டிருந்தனர், படகு டீசலை ஏற்றிக்கொண்டிருந்தது. தலைநகரிலே ஓராண்டுத் தாமதம் ஒரு கோப்பின் தாமதம். தீவிலே அது ஒரு பிள்ளையின் ஒரு வகுப்பு.

முதல் வீட்டாரும் கேட்க

எமது வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டதே, இக்கவலை எமக்கெதற்கு என்று நினைப்போரும் இருக்கலாம். 2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியை அவர்கள் மறந்திரார். எண்ணெய் வாங்க நாட்டிலே பணமின்றி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதன்றோ? அப்போது கூரையிலே சூரியத் தகடு பொருத்தியிருந்த வீடுகளும் பல இருளிலேயே கிடந்தன. பெருங்கம்பியோடு இணைந்த அத்தகைய அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடுமாறு செய்யப்பட்டிருக்கின்றது. கம்பியைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வேற்பாடு. பற்றறியும் அதற்குரிய இன்வேட்டரும் வைத்திருந்தோர் மட்டுமே தகட்டின் பயனை அப்போது பெற்றனர். கடைசி வீட்டின் கேள்விகள் அன்றைக்கு முதல் வீட்டின் வாசலிலும் வந்து நின்றன.

அக்கேள்விகளை எம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது தம் குறிப்பேட்டின் முதற் பக்கத்திலே எழுதி வைத்திருக்கின்றனர். இவ்வூரார்க்கு எவ்வேளையில் எவ்வளவு வேண்டும் என்று அவர்களையே கேட்டோமா? பழுதுபட்டால் பார்ப்பவர் யார், அவருக்கு நெல் அளப்பவர் யார்? பெருங்கம்பி எப்போது வரும், வராதெனின் வராது என்று ஒளியாமற் சொன்னோமா? இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை, எந்த வெளிநாட்டு நிதியும் வேண்டியதில்லை. உண்மை பேசும் துணிவு இருந்தாற் போதும். ஆயினும் அதுவே எல்லாத் திட்டங்களிலும் மிக அரிதாகக் கிடைக்கும் பொருளாக இருக்கின்றது.

வாசகர்கள், சிறப்பாக மாணவர்கள், இவ்வாரம் தம் வீட்டிலே ஒருநாள் இக்கணக்கை எழுதிப் பார்ப்பார்களாக. விளக்கெத்தனை, விசிறியெத்தனை, எந்நேரம் என்று குறித்துக்கொள்ளட்டும். அடுக்களைக் கணக்கைத் தாயாரிடமே கேட்டு எழுதட்டும். நாம் செய்த பிழையை அவர்கள் செய்யவேண்டியதில்லை.

எமது கரும்பலகைக் கணக்கு பின்னர் திருத்தப்பட்டது. விடியற்கால விளக்குகளுக்கென இரண்டு மணி நேரம் கூட்டினோம். பற்றறியின் அளவும் ஏறிற்று. கேள்வி கேட்ட அம்மாணவியே முன்வந்து அந்த வரியைத் தன் கையால் எழுதினாள். அவள் கூட்டிய அந்த இரண்டு மணி நேரத்தை எமது பாடநூல்களில் நாம் இன்னும் காணவில்லை.